கரையைப் பார்த்து நிற்கும் கடற்கோட்டைகள்

இலங்கையின் தென்கரையிலுள்ள காலிக் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கொடிப்பாறைப் பக்கம் நடந்து, அலை மோதும் மதிலில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே கோட்டை வேலை என்று பார்த்தால் குறைவுதான். மதில் தாழ்வு, கனமும் அவ்வளவு இல்லை. பாறையும் அலையுமே அங்கு காவல். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கல்லையும் காசையும் கொட்டிய இடம் வடக்கே, கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயரிட்ட மூன்று பெரிய கொத்தளங்களும் (மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பீரங்கி அரண்கள்) அவற்றை இணைக்கும் மண் நிரப்பிய மதிலும்தான் அந்த நகரத்தின் உண்மையான கோட்டை. மீதி பதினொரு கொத்தளங்கள் கடலோரமாகச் சுற்றி வருகின்றன.

கோட்டைக்கு ஆபத்து கடலிலிருந்து அல்ல, தரைவழியே வரும் என்ற இந்தப் பாடத்தை ஒல்லாந்தர் தாங்களே நடத்திப் படித்தவர்கள். 1640 மார்ச்சில் ஒல்லாந்தத் தளபதி வில்லெம் கோஸ்டர் காலியைப் பிடித்தபோது துறைமுகத்துக்குள் கப்பலை விட்டு மோதவில்லை. பக்கத்து உனவட்டுனவில் ஆட்களை இறக்கி, தரைவழியே வந்து, போர்த்துக்கேயரின் கரைப்பக்க (தரையைப் பார்த்த) மதிலை உடைத்து ஏறினார். சில நாட்களில் வேலை முடிந்தது. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்டோனே சென்னையை எடுத்ததும் இதே விதம்: கப்பலிலிருந்து சுட்டது ஒரு பக்கம் இருக்க, தெற்கே படையை இறக்கி, கரையில் பீரங்கி மேடை அமைத்த பிறகுதான் கோட்டை பணிந்தது. 1795 ஆகஸ்ட்டில் ஆங்கிலேயர் திருகோணமலையில் செய்ததும் வேறில்லை. கரையில் இறங்கி, பீரங்கி மேடை கட்டி, மதிலில் ஓட்டை விழும்வரை அடித்தார்கள்.

அதாவது துறைமுகக் கோட்டை பயந்தது கப்பலுக்கு அல்ல, கப்பலிலிருந்து இறங்கி நடந்து வருகிற ஆளுக்கு. அந்தக் காலத்துக் கரையோர ஊர்களின் மதில், வாசல், தெரு, வெற்றிடம் எல்லாம் இதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கப்பலுக்கு ஏன் பயமில்லை? 24 பவுண்டு பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு ஒன்று ஏறத்தாழ 11 கிலோ, விட்டம் 14 சென்டிமீட்டர் அளவு. குழல் மட்டும் இரண்டரை டன். அதே பீரங்கி கப்பலில் இருந்தால் தளம் ஆடுகிறது. ஆட்டத்தின் எந்த நொடியில் திரி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் குண்டு தண்ணீரிலும் விழலாம், மதிலைத் தாண்டியும் போகலாம். கரையில் இருப்பது அசையாது. முதல் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து அடுத்ததைத் திருத்தலாம். போதாததற்குக் கரையில் உலை மூட்டலாம். இரும்புக்குண்டைச் சிவக்கக் காய்ச்சி, வெடிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே ஈரக் களிமண்ணோ நனைத்த கயிற்றுச் சுருளோ அடைத்துச் சுட்டால், மரக்கப்பலுக்குள் புதைந்த குண்டு உள்ளிருந்தே தீ வைக்கும். 1782 செப்டம்பரில் ஜிப்ரால்டரை அடிக்க வந்த பத்து மிதக்கும் பீரங்கி மேடைகளும் ஒரே நாளில் அழிந்தது இப்படித்தான்.

இதற்கு மேல் கடற்படுகை செய்யும் காவல் தனி. யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் இருக்கும் கடல்நீரேரி பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. பாரம் ஏற்றிய பெரிய கப்பலுக்கு ஐந்து மீட்டர் அளவு தண்ணீர் வேண்டும். அப்படியானால் கப்பல் வந்து நிற்கும் இடம் ஊர்காவற்றுறைப் பக்கம். கடல்நீரேரியின் அந்த வாயைப் பூட்டத்தான் தண்ணீருக்கு நடுவே ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை, ஒல்லாந்தர் வைத்த பெயரில் ஹம்மன்ஹீல். யாழ்ப்பாணக் கோட்டையைத் தனியாகப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் பாதி மட்டுமே தெரியும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் அந்தக் காவலைச் செய்தது அலை. துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். ஆணி அடித்த படகு அந்த அலைமுறிவில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கரைக்கு வரவே உள்ளூர்ப் படகுக்காரர் தயவு வேண்டிய இடத்தில் கடல்முக மதிலுக்கு எதற்குப் பெருஞ்செலவு?

இனி கரைப்பக்கம். இங்கேதான் கணக்கு இருக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டை அதற்கு நல்ல பாடப்புத்தகம்.

பழைய உயர்ந்த மதிலும் வட்டக் கோபுரமும் பீரங்கிக்குத் தோற்றதற்குக் காரணம் உயரம் மட்டுமல்ல. வட்டக் கோபுரத்தின் நேர் முன்னால், இரு பக்கத்துச் சுவர்களில் நின்று சுடுகிறவர்கள் எவருடைய பார்வையும் படாத ஒரு சின்னத் துண்டு நிலம் எப்போதும் மிஞ்சும். எதிரி அதற்குள் வந்துவிட்டால் மேலிருந்து கல்லைப் போடலாம், அவ்வளவுதான். அவன் நிதானமாக அடியைத் தோண்டி, மருந்து வைத்து வெடிப்பான். அம்புமுனை வடிவக் கொத்தளம் பிறந்தது அந்தத் துண்டு நிலத்தை இல்லாமல் ஆக்கத்தான். வட்டத்தின் முன்னால் மிஞ்சும் அந்த முக்கோணத்தையே கல்லாலும் மண்ணாலும் நிரப்பிவிட்டால் ஒளிய இடமில்லை. கொத்தளத்துக்கு இரண்டு முகம், இரண்டு விலா. முகம் வெளியே தூரத்தைச் சுடும். விலா பக்கத்துக் கொத்தளத்தின் முகத்தை ஒட்டினாற்போலச் சுடும். ஒன்றின் உயிர் மற்றதன் கையில்.

கோட்டைக்குப் போனால் ஏதாவது ஒரு கொத்தளத்தின் விலாவில், பீரங்கி வாய்க்காக விட்ட திறப்பில் நின்று பாருங்கள். உங்கள் பார்வை இரு கொத்தளங்களை இணைக்கும் இடைமதிலை ஒட்டி ஓடி, அடுத்த கொத்தளத்தின் முகத்தை உரசியபடி அதன் முனையைத் தாண்டும். இரண்டு கொத்தளங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானித்தது அழகு அல்ல, தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி. விலாவிலிருந்து எதிர்முனை சுமார் 250 மீட்டருக்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குண்டு பயனில்லாமல் விழும். இந்த ஒரு அளவுதான் முழுக் கோட்டையின் பருமனையும் கட்டுகிறது.

ஏன் ஐங்கோணம்? 1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கிய போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணம். 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் ஐந்து கொத்தளமாக மாற்றிக் கட்டினார்கள்; ஒல்லாந்து, சேலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று சொந்த நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். நாற்கோணத்தின் மூலை 90 பாகை. அதில் கொத்தளம் வைத்தால் அதன் முனை 60 பாகையை ஒட்டிக் கூராகிவிடும். கூர்முனைக்குள் பீரங்கியைப் பின்னால் இழுத்து மருந்து நிரப்ப இடமிருக்காது. நாலு குண்டு பட்டால் முனை உதிரும். ஐங்கோணத்தின் மூலை 108 பாகை, முனை 70ஐத் தாண்டும். ஆறு, ஏழு என்று கோணத்தைக் கூட்டினால் இன்னும் நல்லது. ஆனால் ஒவ்வொரு கொத்தளத்துக்கும் பீரங்கி, ஆள், மருந்து, சம்பளம் வேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனிபோன்ற ஒரு வணிக நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும் குறைந்தபட்ச நல்ல வடிவம் ஐங்கோணம். 1560களில் அண்ட்வர்ப்பில் கட்டிய கோட்டையும் ஐங்கோணம், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய லூயி கோட்டையும் ஐங்கோணம்.

மதிலுக்கு வெளியே அகழி. அகழிக்குள் இடைமதிலுக்கு முன்னால் தனித்து நிற்கும் முக்கோண முன்னரண். வாசலை நேராகக் குறிவைக்க விடாமல் மறைப்பது அதன் வேலை. அகழியின் வெளிக்கரையில் ஆள் மறைந்து நடக்க ஒரு மறைவழி. அதற்கு வெளியே வயல்வெளிபோல மெல்லச் சரிந்து இறங்கும் மேடு. பலர் அதைச் சும்மா கிடக்கும் மண் என்று நினைத்துவிடுகிறார்கள். கோட்டையில் மிகவும் தந்திரமான உறுப்பு அதுதான். தூரத்திலிருந்து வருகிறவனுக்கு மதிலின் மேல்விளிம்பு மட்டும் தெரியும், கற்சுவர் முழுவதும் அந்தச் சரிவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். சுவரை அடிக்க அவன் சரிவின் உச்சிவரை பீரங்கியைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும் வழியெல்லாம் மதிலிலிருந்து வழித்துச் சுடலாம். யாழ்ப்பாணத்தில் உள்கோட்டை 1680 அளவில் முடிந்தது. இந்த வெளியரண்கள் முடிந்தது 1792இல். மூன்று வருடத்தில், 1795 செப்டம்பரில், ஆங்கிலேயர் சண்டையே இல்லாமல் உள்ளே வந்தார்கள்.

சரிவுக்கு அப்பால் வெற்றிடம் இருந்தே ஆக வேண்டும். ஊர் வளர்ந்தால் முதலில் கெடுவது இதுதான். கோட்டையை ஒட்டி மக்கள் வீடு கட்டுவார்கள், எதிரி அந்த வீடுகளுக்குள் புகுந்துகொண்டு சுடுவான். சென்னையில் 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரிவரை பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது அவருடைய ஆட்கள் இடம் பிடித்தது வடக்கே, உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில். அதன் பிறகு ஆங்கிலேயர் அங்கே இடித்தும் தடுத்தும் திடலை அகலமாக்கினார்கள். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் கட்டிடம் கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். 1773 என்று ஆண்டு பொறித்த ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. பேருந்துக்கு ஓடும் கூட்டத்தில் யார் கவனிக்கிறார்கள்? எஸ்பிளனேடு என்ற பேட்டைப் பெயர் அந்தத் திடலின் மிச்சம். உயர் நீதிமன்றத்துக்கு ஊர் நடுவே அவ்வளவு இடம் கிடைத்ததும் அதனால்தான். காலியில் டெஸ்ட் ஆட்டத்தை மதில்மேல் உட்கார்ந்து காசில்லாமல் பார்க்க முடிவதற்கும் இதே காரணம். மதிலுக்கு முன்னால் எதுவும் கட்டாமல் விட்டிருந்தார்கள்.

அந்த மதிலையே 1873இல் சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே வெட்டி ஆங்கிலேயர் இன்றைய பெரிய வாசலைத் திறந்தார்கள். மிகப் பலமான இடத்தின் நட்டநடுவே வண்டிப்பாதை! பீரங்கிகளின் எட்டும் தூரம் அதற்குள் கூடிப்போயிருந்தது. மதிலுக்குப் போரில் இனி வேலை இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. பழைய வாசல் துறைமுகப் பக்கம் இருக்கிறது, உள்முகத்தில் ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும் உண்டு.

இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டிய கோட்டைகள் மதில் உடைந்து விழுந்த சந்தர்ப்பம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கினார்கள். பணிய வைத்தது பசியும் நோயும். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைச் சாய்த்தது தாகம். 1795–96இல் ஒல்லாந்தரைச் சாய்த்தது காசில்லாமை. இலண்டனில் தஞ்சமிருந்த ஒல்லாந்தின் ஆட்சித்தலைவர் ஒரேஞ்சு இளவரசர் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் விடச் சொல்லி எழுதிய கடிதமும் கூலிக்கு வந்த மெரோன் படைப்பிரிவு ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்ததும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. சென்னையில் கோட்டைக்குக் குடிதண்ணீர் 1772 முதல் ஏழுகிணற்றிலிருந்து வந்தது. அந்தக் கிணறுகள் கோட்டைக்கு வெளியே, வடக்கே. நாலாபுறமும் மதில் போட்டு, தொண்டையை மட்டும் வெளியே விட்டு வைத்த கதை. யாழ்ப்பாணக் கோட்டை கடைசியாக முற்றுகையைக் கண்டது 1990இல். அப்போதும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தது, உதவிப்படை வந்த வழி அப்போதும் கடல்நீரேரிதான். 1706இல் சிலுவை வடிவில் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் 1990இல் அழிந்தது.

இனி சுவரின் உள்ளே. வெளியிலிருந்து கல்மதில்போலத் தெரிவது உண்மையில் கல் போர்த்திய மண்மேடு. குண்டைத் தின்பது மண், கல் அந்த மண் சரியாமல் பிடித்துக்கொள்ளும் தோல். மண் எப்போதும் வெளியே தள்ளும் என்பதால் சுவர் நேர்க்குத்தாக எழாது. ஐந்தாறு அடி உயரத்துக்கு ஓரடி வீதம் உட்சாய்ந்து போகும், பின்புறம் இடைவெளி விட்டு மண்ணுக்குள் நீளும் தாங்குசுவர்கள் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் கல் என்றால் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். ஈரத்தில் எளிதாக வெட்டலாம், எடை குறைவு, குண்டு பட்டால் கருங்கல்போலச் சில்லாகத் தெறிக்காமல் நொறுங்கி உள்வாங்கும். சாந்துக்குச் சுண்ணாம்பும் அதே கல்லிலிருந்தும் சிப்பியிலிருந்தும்தான். 900 பாகை செல்சியஸ் அளவில் எரிந்தால் சுத்தமான 100 கிலோ கல்லுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். அதைத் தண்ணீரில் நீற்றி, குழியில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவருக்குள் போய், மாதங்கள் கழித்து நீர் குடித்துப் பருத்து, பூச்சைப் பொரித்துத் தள்ளும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல். கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டால் உப்பையும் சேர்த்துக் கட்டியதாகும். தண்ணீர் படும் இடத்தில் சுர்க்கி எனப்படும் செங்கல்தூள் சேர்த்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். வெறுஞ் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகும். கனத்த சுவரின் நடுவில் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

இப்போது இந்தக் கோட்டைகளைத் தின்பது மழைநீர், உப்பு, வேர், சிமெந்து. நாலில் மோசமானது சிமெந்து, ஏனென்றால் அதை நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம். உப்புக் கரைந்த ஈரம் சுவருக்குள் எப்போதும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியேறி, உப்பு பூச்சின் மேல் பூத்து உதிரும். பூச்சு கெடும், கல் பிழைக்கும். சிமெந்து பூசினால் ஈரத்துக்கு வழியில்லை. சிமெந்துக்குப் பின்னால், கல்லின் துளைகளுக்குள்ளேயே உப்புப் படிகம் வளர்ந்து கல்லை மாவாக்கும். ஒருநாள் சிமெந்துப் பூச்சு பலகையாகக் கழன்று விழும், பின்புறம் நாலு விரல் கனத்துக்குக் கல்லையும் ஒட்டிக்கொண்டு. இணைப்புகளை மட்டும் சிமெந்தால் அடைத்த சுவரில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: கல் உள்ளே அரித்துப் போயிருக்கும், சிமெந்துக் கோடுகள் சட்டம்போல வெளியே துருத்தி நிற்கும்.

திருத்துவதென்றால் முதலில் மேலே ஏற வேண்டும், சுவரில் கை வைக்கக் கூடாது. மதில்மேடையின் சாய்வு சரியா, தண்ணீர் வெளியேறும் தூம்புவாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாரிமழை இறங்கிய மண்மேடு பல மடங்கு அழுத்தும். சுவர் வயிறு தள்ளி நின்றால் பத்துக்கு ஒன்பது இடத்தில் மேலே ஒரு தூம்பு அடைத்திருக்கும். அதைத் திறக்காமல் கீழே கல் மாற்றினால் அடுத்த மாரியில் மறுபடியும் தள்ளும்.

ஆலும் அரசும் முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. வேர் கல்லுக்கு நடுவே பருத்திருக்கும், இழுத்தால் கல்லும் கூட வரும். மேலே மட்டும் வெட்டினால் வேர் இன்னும் வேகமாகத் தழைக்கும். அடித்தண்டை வெட்டி, துளையிட்டு, களைக்கொல்லி ஊற்றி, வேர் செத்துக் காயும்வரை விட வேண்டும். பிறகு வெளியே தெரிவதை அறுத்து எடுத்து, உள்ளே கிடக்கும் வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் கரைசலால் நிரப்ப வேண்டும். எப்போதும் கீழ்த் துளையிலிருந்து தொடங்கி, அடுத்த துளையில் கரைசல் வழியும்வரை, மெல்லிய அழுத்தத்தில். உள்ளே முன்கூட்டி நனைக்காவிட்டால் காய்ந்த கல் கரைசலின் நீரைக் குடித்துவிடும், பாதி வழியில் கட்டியாகி நின்றுவிடும். உப்பேறிய முகத்தில் நல்ல தண்ணீரில் குழைத்த காகிதக்கூழையோ களிமண்ணையோ அப்பிக் காயவிட்டு உரித்தால் உப்பு கூடவே வரும். ஒரு தடவையில் தீராது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். அதற்குப் பிறகே புதுச் சுண்ணாம்புப் பூச்சு. யாழ்ப்பாணத்தில் போருக்குப் பின் நெதர்லாந்து உதவியோடு நடந்த திருத்த வேலையைப் பார்க்கிறவர்கள், புதுக்கல் எது பழையது எது என்று தேடுவதோடு நின்றுவிடாமல், இணைப்புச் சாந்தையும் தூம்புவாய்களையும் பார்த்தால் நல்லது.

கடைசியாக, கடலே நகரும் சங்கதி. சென்னைக் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகே ஒருகாலத்தில் அலை வந்துபோகும். இன்று நடுவே சாலையும் துறைமுகமும். சோழமண்டலக் கரையில் ஆண்டுமொத்தக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876இல் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் அதை மறித்தன: தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் கரைந்தது. தரங்கம்பாடியில் கதை நேர்மாறு. டேனியர் (டென்மார்க்கினர்) 1620இல் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கி, பின்னாளில் ஊரைச் சுற்றி மதிலும் போட்டார்கள். 1792இல் கட்டிய கரைப்பக்க நகரவாசல் இன்றும் உறுதியாக நிற்க, கடல் பக்கத்து மதில் போய்விட்டது. டேனியர் வருவதற்கு முன்னூறு ஆண்டுக்கு முன்பே இருந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியையும் கடல் கொண்டது.

அங்கே கல் கொட்டித் தடுப்பது பற்றி அடிக்கடி பேச்சு எழுகிறது. மணல்மேல் நேரடியாகக் கொட்டிய பாறை நிலைக்காது. ஒவ்வொரு அலையும் திரும்பும்போது கல் இடுக்கு வழியே மணலை உறிஞ்சும், பாறை உட்கார்ந்துகொண்டே போகும். அடியில் மணலைப் பிடித்து நீரை மட்டும் விடும் வடிதுணி, அதன்மேல் சிறுகல், அதற்கும் மேலேதான் பெரும்பாறை. கடல் பக்க அடி, அலை தோண்டும் ஆழத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் சுவர் முடியும் இடத்துக்கு வடக்கே மணல் வரத்துக் குறைந்து கரை அரிக்கும். ஆகவே அப்படியொரு கல்வரிசையைப் பார்க்கப் போகிறவர் கோட்டைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாமல், அதன் வடகோடிவரை நடந்து, அங்கே கரை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.